கம்பி போட்டுக்கொள்ளச் சம்மதித்த மகள்

போன வருடம் பள்ளிக்கூடம் திறந்த சமயம். நாங்கள் பிழைக்க வந்த மலையாள ஊரில், சாலை என்ற கடைத்தெரு அருகே பள்ளி வேனிலிருந்து இறங்கிய என் ஏழு வயது மகளை ஒரு பைக் இடித்துத் தள்ளியது. அரசு மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது.

முழங்காலுக்கு மேல் இரண்டு சின்னக் கீறல் போட்டு, வளையக்கூடிய மெல்லிய கம்பிகளை எலும்புக்குள் செலுத்துவார்களாம். எலும்பு நன்றாகச் சேர்ந்ததும் எடுத்துவிடலாம், கால் வளர்வதற்குப் பொதுவாகத் தடை வராது என்றார் டாக்டர். என் கணவருக்கு மனம் ஒப்பவில்லை.

"நாம ஊருக்குப் போயிருவோம். வைத்தியர்ட்ட கட்டு போட்டா சேரும். பிள்ளைக்க காலுல கத்தி வைக்க விடமாட்டேன்" என்றார்.

எனக்கும் பயம்தான். மறுப்பதற்கும் தைரியமில்லை, சம்மதிப்பதற்கும் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மலையாளிச் சிறுமி. அவளுக்குப் போட்டிருந்த கம்பிகளை முந்தின நாள்தான் எடுத்திருந்தார்கள். அன்று வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவள் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

"ஆன்ட்டி, ஞான் நடந்து காணிக்கட்டே?"

முழங்காலருகே சின்னக் கட்டுடன் ஜன்னல் வரை மெல்ல நடந்து திரும்பினாள். என் மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குமா?"

"ஆத்யம் வேதனிக்கும். பின்னே இல்லா." முதலில் வலிக்கும், அப்புறம் வலிக்காதாம்.

என் மகள் அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, எனக்கும் கம்பி போடச் சொல்லுங்க" என்றாள். கணவர் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் எழுந்து டாக்டரைத் தேடிப் போனார்.

மறுநாள் மகளை அறுவைக்கூடத்துக்குள் கொண்டு போனதும் கணவர் மருந்து வாங்கப் போக, நான் மட்டும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் அந்தச் சிறுமியின் அம்மா. மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, தங்கள் ஊரான நெடுமங்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"தனிச்சு இருக்கண்டா", தனியாக இருக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி, பிளாஸ்கிலிருந்து எனக்குப் பால் விடாத கட்டஞ்சாயா ஊற்றிக் கொடுத்தார். கதவு திறந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொல்லும் வரை என் கையை அவர் விடவில்லை.

எலும்பு சேர்ந்து, கம்பிகளையும் எடுத்தாயிற்று. இப்போது மாடிப்படியில் மெதுவாக இறங்கு என்று மகளைத் தினமும் அதட்டுகிறேன். பயந்து நிற்பவருக்கு, அதே வழியில் போய்த் திரும்பிய ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்வதைவிடப் பெரிய ஆறுதல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.