அரசு வக்கீலுக்கு வந்த பலாப்பழம்

மரியஜோசப் பணி ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னது இவ்வளவுதான்: "தொண்டை போச்சு பிலோ."

திருப்பத்தூர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் நின்று பேசியே தேய்ந்த தொண்டை. பாதிக்கு மேல் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் காட்டு வழக்குகள். மரம் வெட்டியவர், ஆடு மேய்த்தவர், விறகு சுமந்தவர். கூண்டில் நிற்பவர்களின் களைப்பைப் பார்த்துப் பார்த்துத் தானும் களைத்துப் போனவர் அவர்.

வீட்டில் வேறு ஆள். காலையில் காய் நறுக்கிக் கொடுப்பார். மகள் சில்வியாவுக்குத் தலை பின்னுவார். ஒரு பின்னல் மேலே ஏறியும் இன்னொன்று இறங்கியும் இருக்கும். பள்ளியில் சிரிக்கிறார்கள் என்று அவள் அழுத பிறகும் அந்த வேலையை அவர் விடவில்லை. மாலையில் கறுப்புக் கோட்டைக் கழற்றியதும் பேச்சு நின்றுவிடும். பிலோமினாள்தான் இருவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

அந்த வீட்டுக்கு வருடந்தோறும் ஆனி மாதம் ஒரு பலாப்பழம் வரும். புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் ஏற்றி வந்து, தோளில் சுமந்து வாசலில் இறக்குபவர் லட்சுமணன். மலையில் சாமை விதைத்துப் பிழைப்பவர். வாலிப வயதில், வீட்டு உத்திரத்துக்காகக் காட்டு மரம் ஒன்றை வெட்டி மாட்டிக்கொண்டார். கோர்ட் வராந்தாவில் கறுப்புக் கோட்டோடு எதிரே வந்த மரியஜோசப்பைப் பிடித்து, "நான்தான் வெட்னேன் சாமி, நீங்கதான் பாத்துக்கணும்" என்று கொட்டிவிட்டார். "என்கிட்ட சொல்லாதப்பா" என்று அவர் தடுத்ததை, சத்தமாகச் சொல்லாதே என்று எடுத்துக்கொண்டார். உள்ளே, லட்சுமணனுக்கென்று அமர்த்தப்பட்ட வக்கீல் வாயே திறக்கவில்லை. எழுந்து நின்று நெடுநேரம் பேசியவர் மரியஜோசப் மட்டும்தான். காசும் கேட்கவில்லை. மூன்று மாதம் சிறை. ஒரு வருடம் போடுவார்கள் என்று பயந்திருந்த லட்சுமணன், இந்த மனுஷன் நமக்காக எவ்வளவு பேசினார் என்று நெகிழ்ந்தபடியே உள்ளே போனார். வெளியே வந்த வருடமே முதல் பழம் வந்தது.

அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாசலில் வியர்த்து நின்ற முகத்தைப் பார்த்ததும் மரியஜோசப்புக்கு வாய் வரவில்லை. பிறகு ஒவ்வொரு ஆனியிலும் சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது. சுளையை அவர் தொடமாட்டார். சர்க்கரை என்பார். உண்மையில் சர்க்கரை வந்தது பத்து வருடம் கழித்துத்தான்.

ஓய்வு பெற்ற வருடம் லட்சுமணன் பழத்தோடு மகன் விஜயராஜையும் கூட்டி வந்தார். விஜயராஜ் ஓட்டும் ஜீப்பில் ஏறிய யாரோ ஒருவரின் மூட்டையில் சந்தனக் கட்டை இருந்திருக்கிறது. மூட்டைக்காரர் ஓடிவிட்டார். வழக்கு ஓட்டியவர் மேல்.

"அன்னிக்கி எனக்கு நின்னீங்க. இன்னிக்கி என் புள்ளைக்கு நில்லுங்க வக்கீலய்யா."

மரியஜோசப் மனைவியைப் பார்த்தார்.

"சொல்லிடுங்க. இன்னும் எத்தினி வருசம் முழுங்குவீங்க?" என்றார் பிலோமினாள்.

"லட்சுமணா, நான் உனக்கு நிக்கலப்பா. உன்ன உள்ள போடச் சொல்லிப் பேசனவனே நான்தான். அதுதான் என் வேலை."

லட்சுமணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடியும் துடைத்தார்.

"நான் வெட்னேன்னு உங்ககிட்ட சொன்னேனே, அதையும் அங்க சொல்ட்டீங்களா?"

"இல்ல. காட்டு வாட்சர் சாட்சியே போதுமா இருந்துச்சு."

"அப்போ இத்தினி வருசமா எதிராளிக்கா பழம் சொமந்தேன்?" மகன் பக்கம் திரும்பினார். "இன்னாடா சிரிப்பு? உன் கேசுக்குத்தான் வந்துகீறோம்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "என்னையே உள்ள போட்ட வாயி. நல்ல வாயாத்தான் இருக்கணும். அதே வாயால இவன வெளிய எடுங்க."

கழற்றிய கோட்டை மறுபடி மாட்டினார் மரியஜோசப். முதல் நாளே பழக்கதோஷத்தில் அரசு வக்கீல் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். "ஐயா, இந்தாண்ட! இந்தாண்ட வாங்க!" என்று பின்னாலிருந்து கூவிய லட்சுமணன் டவாலியிடம் திட்டு வாங்கினார். வாய்தா மேல் வாய்தா. படி ஏறி இறங்கி முட்டி வீங்கியது.

"ரிட்டையரான ஆளுக்கு இன்னாத்துக்குங்க இதெல்லாம்?" என்று தைலம் தேய்த்தபடி கேட்பார் பிலோமினாள்.

"இது ஒண்ணு மட்டும்."

அடுத்த ஆனியில் பழம் வரவில்லை. அதற்கடுத்த சித்திரையில் விஜயராஜ் விடுதலையானார். அன்று வந்து படுத்த மரியஜோசப் மறுநாள் மதியம் வரை எழவில்லை.

அந்த ஆனியில் பழம் வந்தது. பாதிதான். வெட்டிய பக்கத்தை வாழையிலையால் மூடிக் கட்டியிருந்தது.

"மீதி எங்கப்பா?"

"நாங்க துன்ட்டோம். புள்ளைக்கு நின்னதுக்கு இந்தப் பாதி. எனக்கு எதிரா நின்னதுக்கு அந்தப் பாதிய கழிச்சுக்கினேன்."

மரியஜோசப் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "சர்க்கரை..." என்று தொடங்கிய பிலோமினாள் அதோடு விட்டுவிட்டார்.

அதன் பிறகு வருடா வருடம் பாதிப் பழம்தான்.

சென்ற தை மாதம் மரியஜோசப் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். பஸ் பிடித்து லட்சுமணன் வந்து இறங்கியபோது கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்திருந்தது.

இந்த ஆனியில் வாசலில் வந்து இறங்கியது முழுப் பழம்.

"இன்னா லட்சுமணா, முழுசா கொணாந்துகீற? நான் ஒருத்தி எப்படித் துன்றது?"

லட்சுமணன் சுவரோரம் குந்தி மூச்சு வாங்கினார்.

"பாதியா வெட்டத்தாம்மா கத்திய எடுத்தேன். நான் கோச்சுக்க ஆளு இல்லியே."