மாஸ்டரின் வலது கைக்கு நான் வைத்த டார்கெட்

கொடியிலிருந்து ஒரு துணிக் கிளிப் கீழே விழுந்தது. தாழ்வாரத்து நாற்காலியில் இருந்த பெரியவர் குனிந்து வலது கையால் அதை எடுக்கப் பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிளிப்புக்குப் பக்கத்தில் போயின, சேரவில்லை. மறுபடி முயன்றார். மறுபடியும். நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

என் வேலை அப்படி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், தையல் வரிசையில் எந்த வேலைக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்து, மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதுகிறவள் நான். பொங்கலூர்ப் பக்கம் இருக்கும் அந்த முதியோர் இல்லத்துக்கு ஞாயிறுதோறும் போக ஆரம்பித்து அது மூன்றாவது வாரம். பழம் நறுக்குவது, நகம் வெட்டிவிடுவது தவிர உருப்படியாக ஒன்றும் செய்யவில்லையே என்ற அரிப்பு எனக்கு. கிளிப் அவர் கைக்கு வந்தபோது நாற்பத்தொரு விநாடி. இதைக் குறைத்துவிடலாமே என்று அந்த நொடியில் தோன்றியது.

அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கி அளவுக்கு வெட்டும் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. இரண்டு மாதம் முன்பு பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). மகன் குடியிருப்பது திருப்பூர் ராயபுரத்தில், செங்குத்தான படி ஏறிப்போகும் மாடி வீடு. நடை திரும்பும்வரை என்று இங்கே சேர்த்திருந்தார்.

நடை கொஞ்சம் வந்துவிட்டது. ஆனால் மாஸ்டர் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரமாட்டார். கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவார்.

"சோத்துக் கையில சாப்பிட முடியட்டுமுங்க. அப்பறம் வர்றன்."

அவர் கேட்டது அது ஒன்றுதான்.

மாதம் ஒருமுறை வரும் பிசியோதெரபிஸ்டிடம் (உடற்பயிற்சியால் இயக்கத்தை மீட்கும் சிகிச்சையாளர்) போனில் பேசினேன். "கிளிப் பயிற்சி நல்லதுதான். ஆனா மெதுவா, பக்கத்துல இருந்து பாத்துக்கணும். இந்த முதல் சில மாசம் முக்கியம், வீணாக்கிடக் கூடாது" என்றார். 'நல்லதுதான்' என்பது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

கட்டிலின் குறுக்கே கயிறு கட்டினேன். ஒரு கிண்ணம் நிறையக் கிளிப். சுவரில் வெள்ளை போர்டு, நாள் ஒன்றுக்கு டார்கெட். அன்றன்றைய கணக்கை மாஸ்டர் சொல்லச் சொல்ல, ஞாயிறு வந்து நான் எழுதுவேன்: எட்டினால் பச்சை, எட்டாவிட்டால் சிவப்பு. முதல் வாரம் முழுக்கச் சிவப்பு. இரண்டாவது வாரத்திலிருந்து பச்சையோ பச்சை. வரைபடம் போட்டு நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

"எங்க, ஒரு பத்து மாட்டிக் காட்டுங்க மாஸ்டர்" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டால் சிரிப்பார்.

"இன்னிக்கு வீக் ஆஃபுங்க அம்மிணி."

பக்கத்துக் கட்டில் அந்தோணி ஐயா, சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டியவர், போர்வைக்குள் குலுங்குவார். எனக்கு ஏன் என்று புரியவில்லை.

ஒரு மாதம் கழித்து, பிசியோதெரபிஸ்ட் வரும் நாளில் லீவு போட்டுவிட்டுப் போனேன், பாராட்டு வாங்க. அவர் மாஸ்டரின் வலது கையைப் பிரிக்கப் பார்த்தார். பிரிய மறுத்தது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தது. தசை இறுக்கம் (மூளையின் கட்டுப்பாடு குறைவதால் தசை தானே சுருங்கிக் கெட்டியாவது) என்றார்.

"இந்தக் கை ஒரு மாசமா வேலையே செய்யலையே?"

நான் போர்டைக் காட்டினேன்.

"சொல்லிப்போடுங்க மாஸ்டரே" என்றார் அந்தோணி ஐயா.

"நீங்க கம்முனு இருங்க."

"பாதிக் கிளிப்பு நான் மாட்டுனதுங்க அம்மிணி. மிச்சம் அவுரு பீச்சாங்கையில மாட்டுனது."

மாஸ்டர் போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆர்டர் எடுத்தாச்சு, நம்மால முடியலீன்னா வெளிய ஜாப்வொர்க் குடுக்கறதுதானுங்களே? ஊருல எல்லாருமு அதத்தான பண்றாங்க."

பிசியோதெரபிஸ்ட் சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"மொத வாரம் செவப்புல எழுதுனீங்கல்ல, அன்னிக்குப் பஸ்ஸுக்குப் போறப்ப உங்க மொகமே நல்லால்லீங்க. வாரம் பூராம் கம்பெனில நின்னுட்டு, இருக்கற ஒரு நாளையும் எங்களுக்குக் குடுக்கறீங்க. உங்களச் சங்கடப்படுத்தோணுமான்னுதான்..."

அந்தப் பச்சையெல்லாம் எனக்காகத்தான். போன மாதம் திரும்ப வராது. கட்டைவிரல் முழுதாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றும் பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு போகவேண்டாம் என்றே இருந்தேன். பிறகு, நான் போகாவிட்டால் அதையும் மாஸ்டர் தன் கணக்கில் எழுதிக்கொள்வார் என்று தோன்ற, கிளம்பிவிட்டேன்.

போர்டை நானே கழற்றினேன். இப்போது வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரிக்கிறோம். வார நாட்களில் அந்தோணி ஐயா, ஞாயிறு நான். இழுத்தால் கை இன்னும் இறுகும். சும்மா தாங்கிப் பிடித்திருந்தால், அவர் மூச்சு ஒன்று நீளமாக வெளியே வரும்போது கட்டைவிரல் தானே நெகிழும். அதற்கு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, அளந்ததில்லை. அந்த நெகிழ்வை என் உள்ளங்கை முதலில் அறிகிறது. திங்கட்கிழமை வரிசையில் ஸ்டாப்வாட்சைப் பிடிக்கும்போது என் கட்டைவிரலை ஒரு கணம் பார்த்துக்கொள்கிறேன். நான் ஒன்றும் சொல்லாமலே அது எவ்வளவு செய்கிறது!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கை இருந்தால், இன்று எத்தனை முறை செய்தீர்கள் என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அன்பானவர்கள் நம் முகத்துக்காகப் பொய்க் கணக்குச் சொல்லிவிடுவார்கள்.

போன ஞாயிறு மாஸ்டர் கிண்ணத்திலிருந்து ஒரு கிளிப்பை வலது கையால் எடுத்தார். கயிறுவரை போகவில்லை, மடியில் விழுந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அடுத்த ஞாயித்துக்கெழம கூடத்துல அரிசியும் பருப்புஞ் சோறாமா" என்றார் மாஸ்டர். "நல்லாக் கொழைவாப் பண்ணச் சொல்லுங்க. மொத வாய் இந்தக் கையில. அப்பறம் ஸ்பூனு."

"எல்லாரும் பாப்பாங்களே" என்று சீண்டினார் அந்தோணி ஐயா. "அந்த ஒரு வாயையும் எனக்கு ஜாப்வொர்க் தள்ளீராதீங்க."

"ஞாயித்துக்கெழம உங்களுக்கு வீக் ஆஃபாச்சுங்களே மாஸ்டர்?" என்றேன்.

"சோத்துக்கு ஏதுங்க அம்மிணி லீவு?"

ஜன்னலோரம், கூடத்தைப் பார்த்தபடி இருக்கும் நாற்காலி அவருக்கு. பக்கத்து நாற்காலி எனக்கு. சோறு சிந்தலாம், வாய்வரை போகாமலும் போகலாம். கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு உட்காரப் போகிறேன்.