வந்துரும் அண்ணன் சலூன்

தார்ச் சட்டி கவிழ்ந்து ஒரு பக்கக் கன்னம் வெந்துபோன சாலைத் தொழிலாளி ஒருவர், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு முடி வெட்டிக்கொள்ளச் சலூன் வாசல்வரை வருவார், எட்டிப் பார்ப்பார், போய்விடுவார். உள்ளே ஆளே இல்லாத நேரத்தில்கூட நுழையவில்லை. ஒருநாள் அவர் தெருமுனையில் தலைகாட்டியதுமே, சலூன்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து எதிரிலிருந்த பெரிய கண்ணாடியின் மேல் போட்டு மூடிவிட்டார்.

"உள்ள வாங்க தம்பி. கண்ணாடியில ரசம் போயிடுச்சு, முகமே சரியா தெரியல. அதான் மூடி வெச்சிருக்கேன். என் கைய நம்பி உக்காருவீங்கள்ல?"

அவர் வந்து உட்கார்ந்தார். கண்ணாடி வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பது திரைக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சலூன்காரர் மனைவிக்குத் தெரியும். அந்தத் தொழிலாளி வரும்போதெல்லாம் துண்டு கண்ணாடிக்கு ஏறிவிடும், போனதும் தோளுக்கு இறங்கிவிடும்.

இப்படிப்பட்ட மனுஷனிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது என்பதுதான் அவளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து இருந்த கஷ்டம்.

கோபிக்க வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. நகரம் எங்கே இருக்கிறதோ அங்கே அவர் கடை வைக்கமாட்டார். நகரம் எங்கே வரப்போகிறதோ அங்கேதான் வைப்பார். கடைசி பஸ் நிறுத்தத்தையும் தாண்டி, நாலு கட்டடம் பாதியில் நிற்கும் பொட்டலைப் பார்த்தால் போதும், அவருக்குக் கண்ணில் விளக்கு எரியும். "இந்தப் பக்கமாத்தான் பெரிய ரோடு வருது. ஆஸ்பத்திரி வந்துரும், பள்ளிக்கூடம் வந்துரும், எல்லாம் வந்துரும்" என்பார். அதனாலேயே அவருக்கு வந்துரும் அண்ணன் என்று பெயர் விழுந்தது. முடி வெட்ட வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"அண்ணே, தண்ணி லாரி வருமா?"

"வந்துரும்."

"கோவிச்சுக்கிட்டுப் போன என் பொண்டாட்டி?"

"வந்துரும், கொஞ்சம் பொறு."

"என் வழுக்கைல முடி?"

"அத மட்டும் சொல்லமாட்டேன்பா. தொழில் தர்மம்."

நகரம் வருவதை அவர் தலைகளில் பார்த்தார். முதலில் வருகிற தலைகளில் சிமெண்டுத் தூள் இருக்கும், சீப்பு நறநறவென்று இழுக்கும். அப்புறம் மரத்தூள். அப்புறம் பெயிண்ட் புள்ளிகள். பெயிண்ட் வந்துவிட்டால் வேலையை விட்டுவிட்டுத் திரையை விலக்கிச் சொல்வார்: "இந்தா, கேட்டியா? கதவு ஜன்னல் ஏறிடுச்சு. இனி ஜனம் வரும்." அதற்கப்புறம் ஷாம்பூ வாசனை வரும். ஷாம்பூ வாசனை வந்தால், தாங்கள் கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அப்படித்தான் நடந்தது. முதல் இடத்தில் நகரம் வந்தது, கடை இருந்த மனையில் மாடி வீடுகள் எழும்பின. இரண்டாவது இடத்தில் பெரிய சாலையே வந்தது. வந்த சாலை கடையின் முன்பக்கத்தைக் கடித்துத் தின்றுவிட்டது. மிச்சமிருந்த கடைக்கு, வெளிப்பக்கம் இழுத்துத் திறக்கும் கதவு. திறந்தால் பாதி சாலையில் நிற்கும். ஒருநாள் காலை தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் இழுத்துத் திறந்து கையை எடுத்தாள், போன லாரி கதவைப் பெயர்த்துக்கொண்டு போயே போய்விட்டது. லாரி ஒரு நொடி முந்தியிருந்தால் கையும் போயிருக்கும். ஆண்டவன் காப்பாற்றினான் என்று அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவரோ சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "என்னா வேகம் பாத்தியா! ரோடுன்னா இது ரோடு."

மூன்றாவது இடத்தில் அவளுக்கு முழங்கால் போய்விட்டது. ஆனால் அங்கேதான் வாழ்க்கையில் முதல்முறையாக அடுப்படிக்குள்ளேயே குழாய் கிடைத்தது. குடம் தூக்க வேண்டாம். திருகினால் தண்ணீர். பஸ் வந்தது, மருந்துக்கடை வந்தது, தெருவிளக்கு வந்தது. இந்த இடத்திலாவது கிழவியாக விடு சாமி என்று தினமும் குழாயடியில் நின்றே வேண்டிக்கொண்டாள்.

ஷாம்பூ வாசனை வந்தது. எதிர்ப்பக்கம் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு சலூன் வந்தது. கடைசியில் கட்டடக்காரரும் வந்தார். இடித்துவிட்டு அடுக்குமாடி போடப்போகிறார், காலி செய்ய வேண்டுமாம்.

அவர் முகத்தில் வருத்தம் இல்லை. "பாத்தியா? சொன்னேன்ல, வந்துரும்னு!"

"வந்துச்சுங்க. வந்து நம்மளப் போகச் சொல்லுது."

"போவோம். நான் சைக்கிள்ல போயி பாத்துட்டு வந்துட்டேன். அந்தப் பக்கம் இப்ப ஒண்ணுமில்ல. ஆனா ரயிலு வருதாம்…"

"நான் வரலைங்க."

அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கு உடனே விளங்கவில்லை. சீப்பிலிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"கால் முடியலைங்க. இன்னொரு தடவ அடுப்புக்கல்லு தேடி, தண்ணிக்கு அலைஞ்சு… நீங்க சொன்ன ஊரெல்லாம் வந்துச்சு, இல்லேங்கல. நாம என்னிக்காவது அதுல இருந்தோமா?"

"அடுத்த ஊருல இருப்போம்" என்றார் மெதுவாக. பிறகு அவள் முழங்காலைப் பார்த்தார். "சரி. நீ பொண்ணு வீட்டுல இரு. ஊரு வந்ததும் வந்து கூட்டிட்டுப் போறேன்."

மகள் வீடு நகரத்துக்குள், மாடியில் இருந்தது. "அப்பா ஊர வளக்கற ஆளு, குடியிருக்கற ஆளு இல்லம்மா. நீ நல்லவேளை தப்பிச்ச" என்றாள் மகள். சாமான் ஏற்றிய வண்டியில், சலூன் நாற்காலியைக் கட்டக் கயிறு பற்றவில்லை. அவர் அதிலேயே ஏறி உட்கார்ந்து, ராஜா மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டே போனார். தெரு திரும்பும்வரை அவர் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவருக்குப் பிடரியில் முடி வளர்ந்து கிடந்தது.

வாராவாரம் கடை விடுமுறையன்று வருவார். "சிமெண்ட்தான் இப்ப" என்பார். அடுத்த மாதமும் சிமெண்ட்தான். அதற்கடுத்த மாதம் சிமெண்டும் குறைந்து போனது. வேலை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், மறுபடி ஆரம்பிப்பார்களாம். அவர் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பிசிறும் இருக்காது. அவள்தான் தலையைக் குனிந்துகொள்வாள். குழாய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சுகம்கூட அவளுக்குக் குற்றமாகப் பட்டது. அவர் போன பிறகு வேண்டிக்கொள்வாள்: "ஆண்டவனே, அவரு சொல்றது பொய்யா இருந்தாலும் இருக்கட்டும். அவரப் பொய்யாக்கிடாதே."

கடைசியாக வந்த அன்றைக்கு மாடி ஏறியதும் நடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. சட்டை தோளில் தொங்கியது.

"உடம்புக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்ல, படி ஜாஸ்தி. இந்தா, நம்ம பக்கம் திருப்பம் வரைக்கும் பஸ் விட்டுட்டாங்க. உனக்கு ரொம்ப நடக்க வேண்டாம். வந்து பாக்கறியா? சும்மா பாத்துட்டு வந்துரு."

"அடுத்த வாரம் பாக்கலாங்க."

"சரி" என்றார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பாதி காதில் விழுந்தது, பாதி விழவில்லை. அவள் "சரி, சரி, பாத்துப் போங்க" என்றாள்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒருவர் மாடி ஏறி வந்தார். கன்னத் தழும்பை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. இப்போது சாலை போடும் ஆட்களுக்கு மேஸ்திரி, இன்னமும் அண்ணனிடமே போய் முடி வெட்டிக்கொள்கிறவர். "அண்ணி," என்று கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே நின்றார், அன்றைக்குச் சலூன் வாசலில் நின்ற மாதிரி. மத்தியானம் ஆள் வராத நேரத்தில், வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அண்ணன் போய்விட்டார்.

மகள் வீட்டுக்குத்தான் கொண்டு வந்தார்கள். எல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, கடையைக் காலி செய்ய மேஸ்திரியோடு அவளே பஸ் ஏறினாள். வழியெல்லாம் கட்டடங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன.

"அந்தக் கண்ணாடி புதுசுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணி," என்றார் மேஸ்திரி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"இங்க ரோடு வருமா தம்பி?"

"எனக்குத் தெரியாதுங்க அண்ணி. போடச் சொன்னா போடுவோம்."

திருப்பத்தில் இறங்கினார்கள். பஸ் அத்தோடு திரும்பிப் போய்விட்டது. பாதியில் நின்ற தூண்களில் துருப்பிடித்த கம்பிகள் முடி மாதிரி சிலிர்த்து நின்றன. சலூன் முன்னால் ஓடியது பாதை என்று சொன்னால் பாதை. இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒருவர் இறங்கி நிற்க வேண்டும். வண்டி என்று எதுவும் கண்ணுக்கு எட்டின தூரம்வரை இல்லை. காற்று மட்டும் தாராளமாக வீசியது.

பூட்டைத் திறந்து கதவை இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். "இறுகிப்போச்சு போல அண்ணி, தள்ளிக்குங்க, நான் இழுக்கறேன்" என்று மேஸ்திரி வந்தார்.

அவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். குழாய் சத்தத்தில் பாதி கரைந்துபோன பேச்சு, இந்த வெட்டவெளியில் முழுசாகத் திரும்பி வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே, மூச்சு வாங்க, சந்தோஷமாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்:

"நீ வந்தா பழக்கத்துல இழுத்துக்கிட்டே நிக்காத, தள்ளு. கதவ உள்பக்கமா திறக்கற மாதிரி வெச்சுட்டேன். ரோடு பெருசாகும்ல."