மருத மரம் மட்டும்

என் வீட்டுக்காரருக்கு வந்த வழியாலேயே திரும்பிப் போவது பிடிக்காது. கடைக்குப் போனாலும் ஒரு தெருவால் போய் மற்றத் தெருவால்தான் வருவார். "வந்த வழியால திரும்புறது மாட்டுக்குத்தான் சரி" என்பார். கலியாணமான புதிதில், இது என்ன கோணங்கித்தனம் என்று எனக்கு எரிச்சல் வரும். பிறகு பழகிவிட்டது. கடைசியில் அவரைவிட எனக்குத்தான் அந்தப் பைத்தியம் கூடிப்போயிற்று.

நாங்கள் இருந்தது மன்னார்த் தீவிலிருந்து பாலம் தாண்டி வரும் பெருநிலப் பக்கத்தில், ஒரு சின்னப் பட்டினத்தின் ஓரத்தில். வேலிக்கு அப்பால் வயல்தான். பின்னேரத்தில் வயல் சுற்றப் புறப்படுவோம். கோயிலடி ஒழுங்கையால் இறங்கி, வாய்க்கால் கரையைப் பிடித்து, பிறகு வரம்பு வரம்பாக முக்கால் மணித்தியாலம் நடந்தால் எங்கள் இரண்டு ஏக்கர் வரும். அதன் மூலையில் ஒரு பெரிய மருத மரம். அங்கே தண்ணீர் பார்த்து, நண்டு துளைத்த இடங்களை மிதித்து அடைத்துவிட்டு, மறுபக்கம் நெல்லு மில் றோட்டில் ஏறினால் பத்தே நிமிடத்தில் வீடு. போகும்போது ஒரு செபமாலை சொல்லி முடிக்கலாம். வரும்போது ஒரு சின்னச் சண்டை பிடித்து முடிக்கலாம். வீட்டுக்குள் பேச முடியாததை எல்லாம் நான் அந்த நடையில்தான் பேசினேன்.

நாட்டில் சண்டை இறுகியபோது பட்டினத்தைச் சுற்றி மண் அணை எழும்பியது. கோயிலடியில் ஒரு சென்றி, மில்லடியில் ஒரு சென்றி என்று ஆமிக் காவலரண்கள் வந்தன. வயலுக்குப் போகிறவர்கள் கோயிலடி ஆமிக்காரனிடம் ஐசி என்கிற அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, நம்பர் அடித்த தகரத் துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போகவேண்டும். ஆறு மணிக்கு முன் அதே இடத்துக்கு வந்து, துண்டைக் கொடுத்து அட்டையை எடுக்கவேண்டும். மில்லடியால் சனம் போகவும் கூடாது, வரவும் கூடாது. அவ்வளவுதான் சட்டம். கேட்கிறவர்களுக்குச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும்.

எனக்கு அது சின்ன விஷயமாக இல்லை. பாலம் தாண்டப் பாஸ், வவுனியா போகப் பாஸ் என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவள், இதைப் பொறுக்கமாட்டாமல் அழுதிருக்கிறேன். மருத மரத்தடியில் நின்றால் எங்கள் முற்றத்துக் கொடி தெரியும். அதில் காயும் அவருடைய நீலச் சாரம் தெரியும். ஒருநாள் திடீரென்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. கொடி நிறைய உடுப்பு. பத்து நிமிடத்தில் ஓடிப்போய் எடுத்துவிடலாம். ஆனால் நான் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முக்கால் மணித்தியாலம் நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிழிந்த பிழியலில் ஆமிக்காரனின் கழுத்து அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது.

அவரோ மருத மரம் மட்டும், அது வரைக்கும்தான், போவார், ஒருதரம் வீட்டைப் பார்ப்பார், திரும்புவார். "மாடாப் போனம்" என்று ஒருநாள் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அது அருவி வெட்டி, சூடடித்து, அறுவடை எல்லாம் முடிந்த நேரம். மரத்தடியில் மிச்சமிருந்த வைக்கோலை அவர் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். நான் எதற்கோ பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேச்சு என்று இன்றைக்கும் ஞாபகம் வரவில்லை. "இஞ்சை" என்று ஒருதரம் கூப்பிட்டுவிட்டு அப்படியே குந்திவிட்டார். கணுக்காலில் இரண்டு புள்ளி. வைக்கோலுக்குள் ஒரு புடையன் பாம்பு வளைந்து போனதை நானும் கண்டேன்.

புடையன் கடித்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று வயலில் வேலை செய்கிற எவரும் கணக்குப் பார்ப்பதில்லை, ஓடுவதுதான். ஆசுப்பத்திரி மில் றோட்டில்தான் இருந்தது. அட்டைகளோ கோயிலடியில். அவர் அந்த நிலைமையிலும் கோயிலடிப் பக்கமே காலை எடுத்து வைத்தார்.

"விசரே உங்களுக்கு? அந்தப் பக்கத்தால போனால் செத்துப்போவியள்."

"ஐசி அங்கையெல்லோ."

"ஐசியைக் கொண்டுபோய்ச் சவப்பெட்டிக்குள்ளயே வைக்கிறது?"

அவரை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு மில்லடிக்கு நடத்தினேன். காவலுக்கு நின்றவன் துவக்கை நீட்டினான். எனக்குத் தெரிந்த சிங்களம் ஒரு கைப்பிடிதான். அதில் பாம்புக்குச் சொல் இல்லை. கையைப் பாம்பு படமெடுக்கிற மாதிரி விரித்துக் காட்டினேன், சீறியும் காட்டினேன். புடையனுக்குப் படம் ஏது? ஆனாலும் அவனுக்கு விளங்கியது. அவரின் காலைப் பார்த்ததும் உள்ளே கத்தினான். ஒரு ட்ராக்டர் வந்தது. இரண்டு பேர் அவரைத் தூக்கி அதன் பெட்டியில் கிடத்தினார்கள்.

நானும் ஏறப்போனேன். அவன் மறித்தான். "நோனாட்ட பே" என்றான். அம்மாவுக்கு ஏலாது. வாய்க்கால் பக்கம் கையைக் காட்டி, விரலால் காற்றில் ஒரு சதுரம் கீறினான். போய் அட்டையோடு வா என்பது அது. இரண்டு தகரத் துண்டும் என் சீலைத் தலைப்பு முடிச்சில் இருந்தன. அவிழ்த்துக் காட்டினேன், கும்பிட்டேன், கத்தினேன். ட்ராக்டர் புறப்பட்டுவிட்டது. அவர் தலையைத் தூக்கி என்னைத் தேடினார்.

"நீங்கள் போங்கோ! நான் அந்தப் பக்கத்தால போறன்!"

சொல்லிவிட்டுத் திரும்பி இருபது அடி நடந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. எங்கள் வீட்டில் கிணற்றடிக்குப் போகிறவர்கூடப் போறன் என்று சொல்வதில்லை. போட்டு வாறன், அதாவது போய்த் திரும்பி வருகிறேன், என்பார்கள். போகிறவரிடம் போட்டு வாங்கோ என்பார்கள். உடம்பில் நஞ்சு ஏறிக்கொண்டிருக்கிற மனுசனிடம் நான் "போங்கோ" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். திரும்பிப் பார்த்தேன். றோட்டில் புழுதி மட்டும் நின்றது.

தடைக்கட்டையில் கை வைத்து நின்ற அந்த ஆமிக்காரன் என்னைப் பார்த்து, "கிஹிங் எண்ட" என்றான்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். போட்டு வாங்கோ என்பதுதான். அவர்கள் ஊரிலும் போ என்று சொல்லி அனுப்பமாட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வழியை மறித்தவனுக்கு அந்தச் சொல் வாயில் வருகிறது, கட்டினவளுக்கு வரவில்லை.

முக்கால் மணித்தியால வரம்பை நான் அன்றைக்கு ஓடியும் விழுந்தும் எவ்வளவு நேரத்தில் கடந்தேன் என்று தெரியாது. செபமாலை சொல்ல வாய் வரவில்லை. "போட்டு வாங்கோ, போட்டு வாங்கோ" என்று வெட்டின வயலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஓடினேன். மாதாவே, பிழையாகச் சொன்னது என்ரை வாய், அவரை ஏன் பிடிக்கிறாய் என்று சண்டையும் பிடித்தேன். கோயிலடியில் துண்டுகளைக் கொடுத்தபோது, அங்கே நின்றவன் அவசரமே இல்லாமல் ஆறுதலாக ஒவ்வொரு அட்டையாகப் புரட்டினான். எங்கள் இரண்டும் அடியில் கிடந்தன.

ஆசுப்பத்திரிக் கட்டிலில் அவர் கண்ணை மூடிக் கிடந்தார். பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்திருந்தது. அவர் கண்ணைத் திறக்க இரண்டு நாள் எடுத்தது. வாய் திறக்க இன்னும் ஒருநாள்.

"போங்கோ எண்டு சொல்லிப் போட்டாய்" என்றார்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"நான் எப்ப உன்ரை சொல்லுக் கேட்டனான்? அதுதான் போகேல்ல" என்றார்.

பிறகும் பல வருசம் மருத மரம் மட்டும் போய்த் திரும்பினோம். அவருக்கு அந்தக் கால் கொஞ்சம் இழுக்கும். ஒருநாள் சண்டை முடிந்தது. மண் அணையை மெசின் வந்து தள்ளியது. மில்லடிச் சென்றி இருந்த இடத்தில் ஒருவர் பூசணிக்காய் குவித்து விற்றார்.

"வா, சுத்திக்கொண்டு வருவம்" என்று அவர் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. மரத்தடியில் கொஞ்சமும் நிற்காமல் அவர் மில் றோட்டில் ஏறிவிட்டார். நான் ஏறவில்லை. ஏறக்கூடாது என்று நினைக்கவுமில்லை. கால் தானாகத் திரும்பி வரம்பில் நின்றது, கை தலைப்பு முடிச்சைத் தேடியது. அங்கே ஒன்றுமில்லை. முன்னால் திறந்து கிடந்த றோட்டைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஆமிக்காரனுக்கு முன்னால் கத்தினவள், பூசணிக்காய்க்காரனைக் கண்டு பயந்து நின்றேன்.

"என்னப்பா, வாவன்."

"நீங்கள் போட்டு வாங்கோ" என்றேன். இந்தமுறை பிழை விடவில்லை. "நான் அந்தப் பக்கத்தால வாறன்."

அவர் றோட்டில் நின்று வீட்டுக் கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இறங்கி, காலை இழுத்துக்கொண்டு, என் பின்னால், வந்த வழியாலேயே நடந்துவந்தார்.