ஊக்கு இல்லாத சட்டை

1. இரண்டு சைஸ் கூட

ராசிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் குழந்தைகள் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சூப்பர்வைசர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு விஷயம்தான்.

"வயசக் கேளுங்க செல்வி. அதுக்கு மேல ரெண்டு சைஸ் தள்ளி எடுத்துப் போடுங்க. வளர்ற புள்ளைங்க. பெருசா இருந்தா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. பத்தாமப் போனாத்தான் துணியத் தூக்கிட்டு வருவாங்க."

பதினொரு வருடம் அதைத்தான் செய்தேன். ஃபிராக்கில் பதினாறு, பதினெட்டு, இருபது என்று இருக்கும் எண்கள் உடையின் நீளம், அங்குலக் கணக்கில். நீளம் கூடக் கூட மார்பளவும் தோளும் சேர்ந்தே கூடும். ஒரு குழந்தை உயரமாக இருந்தால் அதற்கேற்ற பருமனும் இருக்கும் என்று கம்பெனிக்காரர்கள் தீர்மானித்து வைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுக் குழந்தைகள், அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்கியவர்கள். அடங்காதவர்களை நான் கவனித்ததில்லை.

2. நான் சொன்ன வார்த்தை

ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கூட்டமான நேரம். நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்து சுதா என்ற பெண் தன் இரண்டரை வயது மகள் யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கூடவே அவளுடைய நாத்தனாரும் வந்திருந்தார். பங்குனியில் குலதெய்வம் கோயிலில் குழந்தைக்குக் காது குத்தி மொட்டையடிக்கிறார்கள். அன்றைக்குப் போட ஒரு பட்டுப்பாவாடை சட்டை, வீட்டில் போட நாலு ஃபிராக் வேண்டும் என்றாள்.

இருபது நம்பர் ஃபிராக்கை எடுத்துப் போட்டேன். நீளம் முழங்காலுக்குச் சரியாக வந்தது. ஆனால் கழுத்து இரண்டு தோளையும் தாண்டி, முழங்கை வரை இறங்கிவிட்டது. பதினெட்டைப் போட்டேன். அதிலும் ஒரு தோள் நழுவியது. பதினாறு மேலே ஓரளவு நின்றது, ஆனால் ஜட்டி தெரிந்தது. பட்டுப்பாவாடையைக் கட்டினால் குழந்தை இரண்டு எட்டு வைப்பதற்குள் அது காலடியில் கிடந்தது. யாழினி குனிந்து அதை எடுத்து என்னிடமே கொடுத்தாள்.

மேஜை நிறையத் துணி குவிந்துவிட்டது. பின்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"ஏனுங்க, புள்ளைக்குச் சோறே போடறதில்லீங்களா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கவுண்டரில் நிற்கிறவர்கள் கலகலப்பாகப் பேச வேண்டும் என்பதும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த ஒன்றுதான். காத்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். நாத்தனார் உடனே பிடித்துக்கொண்டார்.

"நல்லாக் கேளுங்க. நாங்க சொன்னா இவளுக்குக் கோவம் வருது. எங்க ஊட்டுல எந்தப் புள்ளையும் இப்படி எலும்பும் தோலுமா வளந்ததில்ல. நாளைக்குக் கோயில்ல பங்காளிங்க அத்தன பேரும் கேப்பாங்க, என்ன சொல்றது?"

சுதா குழந்தைக்குப் பழைய உடையைப் போட்டாள். பொத்தானை இரண்டு முறை தவறவிட்டாள். "போலாம் அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை.

அடுத்த ஆள் வந்துவிட்டார். நான் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தேன். மடிக்கும்போதுதான் அவள் பொத்தானைத் தவறவிட்டது ஞாபகம் வந்தது. அன்று முழுவதும் அது போகவில்லை.

3. முதுகில் ஒரு கீறல்

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, கடை திறந்த கையோடு சுதா தனியாகக் குழந்தையுடன் வந்தாள். தோளில் ஒரு பெரிய கட்டைப்பை. நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"உங்ககிட்ட வரவே கூடாதுன்னுதான் இருந்தேனுங்க. நாமக்கல் பாத்துட்டேன், சேலம் போய்ப் பாத்துட்டேன். ஆன்லைன்ல ரெண்டு தடவ வாங்கித் திருப்பி அனுப்பியாச்சு. எங்கயும் கெடைக்கல. இங்க கீழ ஆல்டரேஷன் மெஷின் பாத்தேன், அதான் வந்தேன்."

பையைக் கவிழ்த்தாள். யாழினியின் உடைகள். ஒவ்வொன்றிலும் பின்பக்கம் ஊக்கு குத்திய ஓட்டை. சிலதில் ஊக்கே இருந்தது. பிறகு குழந்தையைத் திருப்பி, சட்டையைத் தூக்கிக் காட்டினாள். முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பாகக் கீறல்.

"எல்லாச் சட்டையும் ஊக்கு குத்தித்தானுங்க போடறேன். முந்தாநேத்து வெளையாடறப்பத் தொறந்துக்கிச்சு. புள்ள அழுவக்கூட இல்ல. குளிப்பாட்டறப்பத்தான் பாத்தேன்."

உட்காரச் சொன்னேன். உட்காராமலேயே அவள் ஒரு நோட்டை நீட்டினாள். தடுப்பூசிக்கும் எடைக்கும் ஆஸ்பத்திரியில் போட்டுக்கொடுக்கும் நோட்டு.

"டாக்டரு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாருங்க. ரத்தமெல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு. உயரம் நல்லா இருக்குது, ஓடுறா, பேசுறா, ஒடம்பு வாகே அப்படின்னு எழுதியே குடுத்திருக்காரு. அவங்கப்பாவும் சின்னதுல இப்படித்தானாமா, எங்க அண்ணிதான் மறந்துட்டாங்க. மூணு வேளையும் திங்கறாளுங்க. இதப் பாருங்க."

ஒரு சட்டை வாங்க வந்த பெண், டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஜவுளிக்கடைக்காரிக்கு எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் நான். நோட்டை வாங்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது எனக்கு வேண்டாங்க. நான் அன்னைக்குக் கேட்டது தப்பு. நாலு பேரு முன்னாடி கேட்டது பெரிய தப்பு. மன்னிச்சுக்குங்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "துணிய மட்டும் சரி பண்ணிக் குடுங்க அக்கா. கோயிலுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்குது" என்றாள்.

4. இரண்டு முறை பிரித்த தையல்

நான் தையல் படித்தவள். வீட்டில் மெஷின் உண்டு. கடையில் கீழ்த்தளத்து மெஷின் ஆண்களின் பேண்டுக்கு நீளம் குறைக்க மட்டுமே இருந்தது. குழந்தைத் துணிக்கு ஆல்டரேஷன் செய்வது வழக்கமில்லை. முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

"ஏம்மா, ரெடிமேட வித்தாப் பத்தாதா? கொழந்தத் துணியப் பிரிச்சுத் தெச்சுட்டிருந்தா கவுண்டர யாரு பாக்கறது?" என்றார்.

"சாப்பாட்டு நேரத்துல தெச்சுக்கறேனுங்க. கவுண்டர உட்டுட்டுப் போவ மாட்டேன்."

"என்னமோ பண்ணு" என்றார்.

சுதா மதியம் வரை காத்திருந்தாள். சாப்பாட்டு நேரம் வந்ததும் முதல் வேலையாக யாழினிக்கு டேப் வைத்து அளவெடுத்தேன். பதினொரு வருடத்தில் கவுண்டரில் ஒரு குழந்தையை அளந்தது அதுதான் முதல் தடவை. உயரம் அவள் வயதுக்குச் சரி. மார்பு பதினெட்டு அங்குலம். இருபது நம்பர் ஃபிராக்கின் மார்பு இருபத்திரண்டு. நாலு அங்குலம் சும்மா தொங்குகிறது.

இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே பிடித்துத் தைத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். சுதாவின் பையிலிருந்த ஒரு இருபது நம்பர் ஃபிராக்கை அப்படியே தைத்தேன். போட்டுப் பார்த்தால் கைக்குழி இறுகிவிட்டது. குழந்தையால் கையைத் தூக்க முடியவில்லை. கழுத்தோ பழையபடி தோளிலிருந்து வழிந்தது. பிரித்தேன். தோள் தையலைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்தேன். இப்போது தோள் நின்றது, முன்பக்கம் கழுத்து வாய் பிளந்து நின்றது. அதையும் பிரித்தேன்.

சுதா மெதுவாக, "ஆகாதுங்களா அக்கா?" என்றாள்.

நான் குழந்தையைப் பார்த்தேன். யாழினி பக்கத்தில் அட்டைப்பெட்டிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு கையால்தான் விளையாடினாள். இன்னொரு கை பேண்டை இடுப்பில் பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். ஒரு கையால் முயன்றாள், முடியவில்லை, விட்டுவிட்டு வேறு பெட்டிக்குப் போனாள்.

"எப்பவும் இப்படித்தானுங்களா?"

"நடக்க ஆரம்பிச்சதுல இருந்தே அப்படித்தானுங்க. எலாஸ்டிக்க இறுக்கிப் போட்டா வயித்துல செவப்பாத் தடம் உழுவுது. லூசா உட்டா அவுந்துபோவுது."

யாழினியின் பேண்டைக் கழற்றி வாங்கி இடுப்பின் உள்பக்கம் இரண்டு சின்ன ஓட்டை வைத்தேன். அகலமான மெத்தென்ற எலாஸ்டிக்கை உள்ளே விட்டு, அதில் வரிசையாகக் காஜா என்ற பொத்தான் துளைகள் எடுத்து, ஒரு பொத்தானில் மாட்டினேன். தேவைக்கு ஒரு காஜா இறுக்கலாம், சாப்பிட்ட பிறகு ஒரு காஜா தளர்த்தலாம். மாட்டிவிட்டேன். யாழினி பழக்கத்தில் கையை இடுப்புக்குக் கொண்டுபோனாள். இழுத்துப் பார்த்தாள். விழவில்லை. கையை எடுத்தாள். மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். பிறகு போய், முதலில் விட்டுவிட்ட பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் தொப்பென்று போட்டாள்.

சுதா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வழி புலப்பட்டது. துணி எங்கே தொங்குகிறது என்று பார்ப்பதைவிட, உடம்பில் எங்கே நிற்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். ஃபிராக் நிற்பது கழுத்தின் பின்பக்கத்தில். அங்கே நடுவில் ஒரு மடிப்புப் பிடித்து, பொத்தானை ஒன்றேகால் அங்குலம் தள்ளி வைத்தேன். கழுத்தும் தோளும் ஒன்றாகச் சுருங்கின, கைக்குழியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. மீதி அகலத்தைப் பக்கத் தையலில் கொஞ்சமாகப் பிடித்தேன். உள்ளே இருக்கிற துணியை வெட்டவில்லை. வளர்ந்தால் பிரித்து விடலாம்.

சுதா எங்கள் கடையிலேயே எடுத்த பச்சைப் பட்டுப்பாவாடைக்கு யாழினியின் இடுப்பில் பிடிமானமே இல்லை. அதனால் மெல்லிய பருத்தித் துணியில் கையில்லாத உள்பாடி ஒன்று தைத்து, பாவாடையை அதிலேயே சேர்த்துவிட்டேன். பாவாடையின் கனம் முழுவதும் தோளுக்குப் போய்விட்டது. மேலே சட்டையைப் போட்டால் உள்பாடி தெரியாது. ஐந்து நாள் மதியச் சாப்பாட்டு நேரம் போனது. சுதா ஒவ்வொரு நாளும் பஸ் ஏறி வந்து, போட்டுப் பார்த்து, எடுத்துப் போனாள். அந்த ஐந்து நாளில் நாங்கள் நூல், பொத்தான், கழுத்து அளவு தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

5. கோயிலில்

காது குத்து முடிந்த மறுவாரம் சுதா வந்தாள். குழந்தை மொட்டைத் தலையும் சந்தனமுமாக, காதில் சின்னத் தோட்டுடன் இருந்தது. நான் தைத்த ஃபிராக்கைத்தான் போட்டிருந்தது. சுதா செல்போனில் படத்தைக் காட்டினாள். பச்சைப் பாவாடையில் யாழினி மாமன் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்க அண்ணி என்ன சொன்னாங்க தெரியுங்களா அக்கா?"

"என்ன சொன்னாங்க?"

"பங்காளி ஊட்டு அம்மாங்க எல்லாரும் இருக்கறப்ப, 'இப்பத்தான் புள்ளைக்கு ஒழுங்காச் சோறு போடறா போல, ரெண்டு கிலோ ஏறிருச்சு பாரு'ன்னாங்க. எல்லாரும் ஆமா ஆமா, பூசுனாப்புல இருக்கறான்னு சொல்றாங்க. எங்க மாமியாரு நெட்டி முறிக்கறாங்க."

"ஏறியிருக்குதுங்களா?"

"கோயிலுக்கு முந்துன நாளுதான் எட போட்டேன். ஒரு கிராம் ஏறலீங்க. அதே எட."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சத்தமாகச் சிரித்தாள். பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ரெண்டு வருஷமா அக்கா," என்றாள், "ரெண்டு வருஷமா நான் தூங்கல. ஏதாச்சும் தப்பாக் குடுக்கறனோன்னு ஒவ்வொரு வாயும் எண்ணிக்கிட்டே ஊட்டுனேன்."

நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண்கள் பார்த்தது குழந்தையை அல்ல. இதற்கு முன் பார்த்ததும் குழந்தையை அல்ல. நாலு அங்குலம் தொங்கிய துணிக்குள் எந்தக் குழந்தையை விட்டாலும் சத்தில்லாத குழந்தையாகத்தான் தெரியும். அந்தத் துணியைப் பெரிதாகப் பார்த்து எடுத்து விற்றவர்களில் நானும் ஒருத்தி. விற்றதோடு விடாமல், தாயையும் கேள்வி கேட்டிருந்தேன்.

சித்திரையில் முதலாளி என்னைக் கவுண்டரிலிருந்து ஆல்டரேஷனுக்கு மாற்றினார். சுதா சொல்லி வந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எருமப்பட்டியிலிருந்துகூட வந்தார்கள். ஒல்லிக் குழந்தைகள், குண்டுக் குழந்தைகள், மாவுக்கட்டு போட்ட கால், ஒரு கை குட்டையான ஒரு பையன். முதலாளி, "இத்தன புள்ளைங்க இத்தன நாளா எங்கம்மா இருந்துச்சுங்க?" என்று கேட்டார். இங்கேதான் இருந்தார்கள். எங்கள் கவுண்டருக்கு வந்து, சைஸ் இல்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போயிருந்தார்கள்.

இப்போது குழந்தைகள் பிரிவில் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு நான் சொல்வது அதிகமில்லை. வயதைக் கேட்காதீர்கள், டேப்பை எடுங்கள். துணியைப் போட்டதும் குழந்தையைக் கையைத் தூக்கச் சொல்லுங்கள், ஓடச் சொல்லுங்கள், உட்காரச் சொல்லுங்கள். சரியில்லை என்றால், "இந்தச் சட்டை பாப்பாவுக்குச் சரியில்லீங்க, வேற பாக்கலாம்" என்று சொல்லுங்கள். குறை சட்டையில் இருக்கிறது. அதைச் சட்டையின் மேலேயே சொல்லுங்கள். சோறு போடறதில்லையா என்ற கேள்வியை அந்தத் தாய் எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டு நம் கடைப் படியேறியிருக்கிறாள் என்பது நமக்குத் தெரியாது.