சிஐடி போட்ட மனு

ஊர் அவருக்கு வைத்த பெயர் சிஐடி. கடைக்காரர் தராசைத் துடைத்தால் எதற்குத் துடைக்கிறார் என்பார். மருமகள் சிரித்துப் பேசினால் நகைக்கு அடி போடுகிறாள் என்பார். கூடப்பிறந்த தம்பியோடு பேச்சு நின்றதும் அப்படித்தான். வயல் வரப்பைத் தம்பி தன் பக்கம் நகர்த்திவிட்டான் என்றார். அளந்து பார்த்தால் வரப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. அளந்தவனையும் அன்றிலிருந்து நம்புவதில்லை.

அந்த வருஷம் கதிர் முற்றும் நேரத்தில் புயல் வந்து நெல்லைப் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. சாய்ந்த நெல்லைக் கையோடு கொத்துக் கொத்தாகச் சேர்த்துக் கட்டி நிமிர்த்தினால் பிழைக்கும். விட்டால் தண்ணீரிலேயே முளைத்து அழுகும். சிஐடியோ காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்தபோது அவர் வயல் நிமிர்ந்து நின்றது.

"ஆள் வச்சுக் கட்டினேன்" என்றாள் மனைவி. கூலியில் இவள் எவ்வளவு ஒதுக்கியிருப்பாள் என்றுதான் அவர் புத்தி போனது.

நிவாரணத்துக்குச் சேதம் பார்க்க அதிகாரி வந்தார். நிற்கிற பயிருக்குப் பணம் கிடையாது என்று சிஐடியின் வயலைத் தாண்டிப் போனார். தம்பியின் வயல் அடியோடு அழுகிக் கிடந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டு, தம்பி வீட்டு வாசலில் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். சிஐடிக்கு அந்த டீ போதாதா?

"ஒரே புயல், ஒரே தண்ணி. எனக்கு நின்னது அவனுக்கு மட்டும் எப்படி அழுகும்?"

"சும்மா இருங்களேன்" என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவளும் உடந்தையோ என்று அவருக்குத் தோன்றியது.

படங்கள் எல்லாம் வேறு யாரோ வயலில் எடுத்தவை என்று மேலிடத்துக்கு மனுப் போட்டார். தம்பியின் பணம் நின்றது. அடுத்த விதைப்புக்கு அதைத்தான் அவன் மலைபோல் நம்பியிருந்தான். அந்த நம்பிக்கையில் அழுகலை உழுது மண்ணோடு மண்ணாக்கியும் விட்டிருந்தான்.

மறு விசாரணைக்கு அதிகாரி கடுகடுவென்று வந்தார். "உங்க அண்ணன் வயலைக் கட்டி நிமிர்த்தியிருக்கார். நீங்க ஏன் கட்டல?"

"ஆள் கிடைக்கல சார்" என்றான் தம்பி.

"அவருக்கு மட்டும் கிடைச்சுதா?"

தம்பி குனிந்து நின்றான். வசமாக மாட்டிக்கொண்டான் என்று சிஐடிக்கு உள்ளூர இனித்தது.

வரப்பில் நின்ற சிஐடியின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "யாருக்குமே ஆள் கிடைக்கல சார். எங்க வயலைக் கட்டினது இந்தக் கொழுந்தனாரும் இவர் சம்சாரமும்தான். முழங்கால் தண்ணியில நின்னு கட்டினாங்க. முடிச்சுட்டுத் தங்க வயலுக்குப் போறதுக்குள்ள அங்க எல்லாம் முளைச்சுப் போச்சு. அண்ணன்கிட்ட சொல்லாதீங்கன்னு இவர்தான் கேட்டுக்கிட்டார்."

சிஐடி அதிகாரி பக்கம் திரும்பி, "சார், அந்த மனுவை நான் திரும்ப வாங்கிக்கறேன்" என்றார்.

"இனி அது என் கையில இல்லீங்க. உழுத நிலத்துல எதைப் பார்த்து நான் எழுதறது?" அதிகாரி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

சிஐடிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தம்பி அருகில் போனார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா?"

"சொல்லியிருந்தா என்ன கேட்டிருப்பே?" என்றான் தம்பி. அவன் குரலில் கோபம்கூட இல்லை. "பதிலுக்கு உனக்கு என்ன வேணும்னு கேட்டிருப்பே."

இவ்வளவுக்குப் பிறகும் சிஐடியின் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்தக் கேள்விதான்.