தீர்த்தம் பட்ட மிட்டாய்

மிட்டாய் வாங்கப் போகும்போது ஒரு வெள்ளைத் துணியை நனைத்துக் கையில் எடுத்துக்கொண்டு போன பொம்பளை எங்கள் தீவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடையில் ஒரே ஒரு மிட்டாய் வாங்குவேன். அங்கேயே நின்று ஈரத்துணியில் ஒரு தேய்ப்பு. கலர் ஒட்டினால் கடைக்காரர் கண்ணெதிரிலேயே அதைக் காக்காய்க்குப் போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடப்பேன்.

"முத்து வாங்க வந்தவ மாதிரியில்ல பாக்குறா" என்று பாம்பன் கடைக்காரர் ஒருவர் என் காதுபடவே சொன்னார்.

"முத்தை யாரும் பிள்ளைக்குத் திங்கக் குடுக்குறதில்ல அண்ணாச்சி" என்றேன். அதற்குப் பிறகு அந்தக் கடைப்பக்கம் நான் போனாலே அவர் பாட்டில்களை உள்ளே தள்ளிவைப்பார்.

எல்லாம் என் மகளுக்காக. அப்போது அவளுக்கு ஆறு வயது. அதற்கு முந்தைய வருஷம் மாதா கோயில் திருவிழாவில் ஒரு சிவப்பு மிட்டாய் தின்றாள். சாயங்காலத்துக்குள் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, கண் திறக்க முடியாமல் போனது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அவள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். ரத்தம் மாதிரிச் சிவந்து கிடந்தது. "சாயம் போட்ட பண்டம் எதுவும் இந்தப் பிள்ளைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார். நான் நம்பவில்லை. ஒருநாள் பாதி மஞ்சள் மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன். மறுபடியும் அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அன்றிலிருந்து மற்றப் பிள்ளைகள் மிட்டாய் தின்னும்போது அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். கேட்க மாட்டாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த நிற்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் என் மாமியார் இறந்துபோனார். வீட்டில் ஒருவர் இறந்தால், முதலில் வருகிற கல்லறைத் திருநாள் தொடங்கி வருஷாவருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்லறையடியில் மிட்டாய் கொடுப்பது எங்கள் வழக்கம். பங்குச் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகு கொடுக்க வேண்டும். பிள்ளைகள் சந்தோஷமாகத் தின்றால் போன ஆத்துமாவுக்கு நிம்மதி என்று நம்புவோம். எனக்கு ஒரே ஆசைதான். அன்றைக்கு மற்றப் பிள்ளைகள் தின்கிற அதே மிட்டாயை என் பிள்ளையும் தின்ன வேண்டும். அதற்காகத்தான் ஈரத்துணியோடு அலைந்தேன். ஒரு கடை மிட்டாயும் தேறவில்லை. கடைசியில் கருப்பட்டி வாங்கி நானே உருண்டை பிடிப்பது என்று முடிவுசெய்தேன்.

என் வீட்டுக்காரரின் அக்கா, ராமநாதபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர், இதைக் கேட்டுச் சிரித்தார்.

"கருப்பட்டியா? பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்குற மருந்துன்னு நெனச்சு ஒரு பிள்ளை தொடாது. எங்க அம்மாவுக்குச் செய்யிறது நாலு பேரு பாக்குற மாதிரி இருக்கணும். நான் பஜார்ல கலர் கலரா வாங்கிட்டு வாரேன்."

"மதினி, அதை எம்பிள்ளை திங்க முடியாது."

"ஒரு பிள்ளைக்காக ஊர்ப் பிள்ளைக எல்லாம் கருப்பு உருண்டை திங்கணுமாக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். "ரெண்டையும் வைங்க" என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார். ஆம்பளைகளுக்கு அது ஒரு வசதி.

முதல் பாகு முறுகிப்போனது. உருண்டை கல்லாகிவிட்டது. மகள் ஒன்றை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவது தடவை மண் போக வடிகட்டி, பதம் பார்த்து இறக்கி, பொரிகடலையும் தேங்காய்ப் பல்லும் சுக்கும் ஏலக்காயும் போட்டுக் கை பொறுக்கிற சூட்டில் பிடித்தேன். உள்ளங்கை சிவந்தாலும் உருண்டை அழகாக வந்தது. மூடியுள்ள ஓலைப்பெட்டியில் அடுக்கினேன்.

திருநாளன்று மதினி புது வெள்ளை மல் துணியைக் கல்லறைமேல் விரித்தார். அதன்மேல் சிவப்பு, பச்சை, மஞ்சள் மிட்டாய்களைச் சிலுவை போல அடுக்கினார். பொய் சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் அங்கே ஒட்டிக்கொண்டு நின்றன. என் ஓலைப்பெட்டி கால்மாட்டில் அநாதையாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் என் மகள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"மதினி, வெள்ளைத் துணியில வைக்காதீங்க. சாயம் எறங்கும்" என்றேன்.

"இங்கேரு, வலைக்குச் சாயம் போடுற வீட்டுல இருந்து இருந்து ஒனக்குப் பாக்குறதெல்லாம் சாயமாத் தெரியுது" என்றார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் சாமியாருக்குத் தீர்த்தம் தெளிப்பதில் தாராளமான கை. லத்தீனில் ஜெபம் சொல்லி மூன்று வீச்சு வீசினார். மிட்டாய்மேல் சொட்டச் சொட்ட விழுந்தது. ஜெபம் முடிவதற்குள் சிலுவை கரையத் தொடங்கிவிட்டது. சிவப்பு ஒரு பக்கம் ஓடியது, பச்சை ஒரு பக்கம் ஓடியது, நடுவில் இரண்டும் கலந்து சேற்று நிறமானது. ஆசைப்பட்டு முதலில் கை வைத்த பையனின் விரல்கள் ஐந்தும் சிவந்தன. அவன் தாய் அதை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

"இம்புட்டுச் சாயமுமா வயித்துக்குள்ள போகுது?" என்று அவள் கேட்டாள். சுற்றி நின்ற தாய்மார்கள் ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பின்னால் இழுத்தார்கள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். மாமியார் கல்லறை என்றுகூடப் பார்க்காமல் மனசு கைதட்டியது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தது என் மகள். பெட்டியின் மூடியைத் தூக்கி, ஓர் உருண்டையை எல்லோரும் பார்க்க எடுத்தாள்.

"இதுல சாயம் இல்ல. நானே திங்கிறேன், பாருங்க" என்று சொல்லிக் கடித்தாள்.

மிட்டாய் ஆகாத பிள்ளை என்று ஊரே அறிந்த பிள்ளை அது. அவள் தின்கிறாள் என்றால் வேறு சாட்சி எதற்கு? கால்மாட்டுக்குக் கூட்டம் திரும்பியது. பின்னால் கட்டியே கிடந்த அந்த இரண்டு கைகளும் அள்ளி அள்ளிக் கொடுத்தன. பெட்டி காலியாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பெண்களும் கை நீட்டினார்கள். நான் அழுதேன், மாமியாருக்காக அழுவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மதினி துணியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் விடிந்ததும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தூங்குகிற என் மகள் பக்கத்தில் மதினி உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையைச் சுருட்டி, ஒரு கையைப் பார்த்தார், மறு கையைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், முதுகைத் தடவினார். ஒரு தடிப்பும் இல்லை. பிறகு அவள் விரலில் ஒட்டியிருந்த கருப்பட்டியைச் சுரண்டி வாயில் வைத்துப் பார்த்தார்.

"ஏலக்கா கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார், என் பக்கம் திரும்பாமலே. "அடுத்த வருஷம் கருப்பட்டி நான் வாங்கிட்டு வாரேன். நீ பாகை மட்டும் பாத்துக்க."